கெனடி நிலையத்திலிருந்து முகம் படிக்கும் வகுப்புக்கு

பேரப்பிள்ளையை ரயிலில் கூட்டிப்போக நினைக்கும் பெரியவர்களுக்காக எழுதுகிறேன். புறப்படுவதற்கு முதல்நாளே குறித்துக்கொண்டவை:

1. போகும் வழி
2. வகுப்பில் நடப்பது
3. பிள்ளை ரயிலில் பயப்படும். நீங்கள் கையை விடக்கூடாது

மகனின் மகள் அக்சயாவுக்கு ஒன்பது வயது, ஓட்டிசம் உண்டு. முகங்களில் உணர்ச்சிகளை இனங்காண, டப்லெட் கணினி வைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஒரு வகுப்பில் இந்த இளவேனிலில் அவளுக்கு இடம் கிடைத்தது. வகுப்பு நடக்கும் சனிக்கிழமைகளில் மகனுக்கும் மருமகளுக்கும் தொலைவிலுள்ள பிறம்ரன் நகரில் வேலை. நான் கூட்டிப்போகாவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். எனக்கோ சுரங்க ரயிலில் தனியே போய்ப் பழக்கமில்லை.

எங்கள் வீடு இருக்கும் டோர்செட் பார்க்கிலிருந்து கெனடி நிலையத்துக்கு பஸ்ஸில் பதினைந்து நிமிடம். ரயில் அங்கேதான் புறப்படுவதால் இருக்கை கிடைக்கும். வகுப்புக்கு இறங்கவேண்டிய சென்ட் ஜோர்ஜ் நிலையம் வரை ஏறத்தாழ நாற்பது நிமிடம். பன்னிரண்டு வயது வரை பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். அக்சயா என் கையைப் பிடித்தபடி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பில் அந்த டப்லெட் ஒருவரைப் படம் பிடித்து, முகத்தில் தெரியும் உணர்ச்சியைச் சொல்லும். பிள்ளை அதை ஏற்கலாம், மாற்றலாம். தமிழ்ச் சொற்களை என் மகன் ஏற்றியிருந்தான். வீட்டில் அதை வைத்துப் பல வாரம் பழகியும் அக்சயா ஒருவரின் முகத்துக்கும் ஒரு சொல்லும் கொடுத்ததில்லை.

ஆசிரியை தமிழ்ப் பெண். என்னையே முதலில் டப்லெட்டுக்கு முன்னால் இருக்கச் சொன்னார். கமரா என்றதும் எங்கள் வயதுக்காரர் செய்வதைத்தான் நானும் செய்தேன்: அடையாள அட்டைப் படத்துக்குப்போல நிமிர்ந்து, வாயை இறுக்கி, அசையாமல் இருந்தேன். திரையில் “கோபம்” என்று வந்தது.

“கொஞ்சம் சிரியுங்கோவன் அங்கிள், இது இமிக்ரேஷனுக்கு இல்லை,” என்றார் ஆசிரியை.

முயன்றேன். மறுபடியும் கோபம்.

அக்சயா அதை அழித்தாள். சொற்களைத் தள்ளித் தள்ளித் தேடி ஒன்றை அழுத்தினாள். பயம்.

ஏன் என்று ஆசிரியை கேட்டார்.

“அப்பப்பான்ர கை ஈரம்,” என்றாள். “ட்ரெயினிலயும் ஈரம்.”

அந்தக் கருவி என் முகத்தைப் பிழையாகத்தான் படித்தது. ஆனாலும் அதற்கும், பொறுமையாகக் காத்திருந்த ஆசிரியைக்கும் நன்றியோடிருக்கிறேன். என் கையை அவள் முன்பே அறிந்திருந்தாள். அதற்கொரு சொல்லை அங்கேதான் எடுத்தாள். இப்போது சனிதோறும் போகிறோம்.

போகிறவர்கள் ஒரு கிழமைநாளில் தனியே ஒருமுறை ஒத்திகை பாருங்கள். பிள்ளைக்குச் சத்தத்தைக் குறைக்கும் ஹெட்ஃபோன் எடுத்துச் செல்லுங்கள்.

அன்று திரும்பும்போது, ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்ததும், அக்சயா என் கையைத் தன் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டாள். மேலே எழுதிய மூன்றாவது விடயம் பிழை. கையை விடாதிருந்தது அவள்.