கருத்தக்கண்ணனின் கருமாதிச் சோறு

கூடலூரில் கருத்தக்கண்ணனின் ஆவி ஏலக்காய் மூட்டை தூக்குவதாகப் போன வருஷம் சின்னமனூரில் ஒரு பேச்சு. ஆவி பீடி பிடிக்கிறதாம்; கூலி குறைந்தால் சண்டைக்கும் நிற்கிறதாம். கூலிக்குச் சண்டை போடும் ஆவியை நான் கேள்விப்பட்டதில்லை. பஸ் ஏறினேன்.

கருத்தக்கண்ணனும் நானும் எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. நாற்பத்தொன்றில் பட்டாளத்தில் லாரி ஓட்டச் சேர்ந்து மலேயா போனான். மறு வருஷம் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போக, கடிதம் நின்றது. ஒரு வருஷம் பொறுத்த அண்ணன் சுருளிவேலுக்கு அதற்குமேல் துக்கம் தாங்கவில்லை. வைக்கோலில் உருவம் செய்து எரித்து, கருமாதி நடத்தி, தம்பி பெண்டாட்டி இருளம்மாளின் தாலியை அறுக்கவைத்து, தம்பி பங்கு நஞ்சையையும் சேர்த்து உழுதார். அன்றைக்குச் சாப்பாட்டில் குறையே இல்லை.

ஆவி மூட்டையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தது. மூன்றரை வருஷம் கைதியாகத் தண்டவாளம் போட்ட உடம்பு. பாதி ஆள்தான் மிச்சம். அர்த்த ராத்திரியில் ஊர் திரும்பியவனை அண்ணன் வாசலிலேயே மறித்து, கருமாதி முடிந்தவன் உள்ளே வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றாராம். நஞ்சை உள்ளே வந்ததில் குடும்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இருளம்மாள் மட்டும் யாரையும் கேட்காமல் துணி மூட்டையோடு அவன் பின்னால் வந்துவிட்டாள். புருஷனோடு குடித்தனம் நடத்தும் அவளை ஊர் தாலியறுத்தவள் என்கிறது. செத்தவன் கையால் மறுபடி தாலி கட்டவைக்கப் பூசாரி எவரும் துணியவில்லை.

“அண்ணே, ஊர்ல ஒரு வீட்ல இவுகளுக்கு இலை போட்டாப் போதும். செத்தவுகளுக்குப் பந்தியில இலை போடுவாகளா?” என்றாள்.

அவன் பீடியை அணைத்தான். “என் கருமாதிச் சோறு எப்படிலே இருந்துச்சு?”

“ரெண்டு தடவை ரசம் வாங்கினேன்.”

“அப்ப ஒரு நேரச் சோறு எனக்குத் தரணும்லே நீயி. பங்காளிக பாக்கப் போடு.”

ஆவணியில் என் தங்கை கல்யாணம். அந்தப் பந்தியிலேயே உட்காரவைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். இருளம்மாள் தன்னை அறியாமல் கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

பேச்சு எனக்கு முன்னாலேயே பஸ் ஏறியிருக்க வேண்டும்; மறுநாளே சுருளிவேல் என் வீடு தேடி வந்தார். குரல் உயர்த்தவில்லை. “அவனுக்கு இலை விழுந்தா, நாங்க யாரும் உங்க வீட்ல கை நனைக்க மாட்டோம் தம்பி.”

ஆவியைப் பார்த்தாயா என்று தெருவில் கேட்டார்கள். பார்த்தேன், பீடி பிடிக்கிறது என்றேன்.

கல்யாணத்துக்கு நானூறு இலை வந்து இறங்கியது. முதல் வரிசையில் சுருளிவேல் ரசம் கேட்டார், நான்தான் ஊற்றினேன். கருத்தக்கண்ணனின் இலையை இன்னும் போடவில்லை.