ரப்பர் வளையல்

யுத்தம் வருவதற்குச் சற்று முந்திய காலம். என் அக்காவை விழுப்புரத்தில் ரயில்வே வேலையில் இருந்த மாமாவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கோடை விடுமுறைக்குத் திண்டிவனத்திலிருந்து நான் அங்கே போனபோது எனக்கு எட்டு வயது. போன அன்றே அக்காவின் கையைப் பார்த்துவிட்டேன். ரோஜா நிறத்தில் ஒரு ஜோடி ரப்பர் வளையல். மேலே வெள்ளைக் கொடி ஓடியது. பெயர்தான் ரப்பர். அது செல்லுலாய்டு என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். மாமா பாண்டிச்சேரியில் வாங்கிய ஜப்பான் சரக்கு. கீழே போட்டால் உடையாது, துள்ளும். புடவையில் தேய்த்து முகர்ந்தால் கற்பூரம் மணக்கும்.

“இந்த ஊர்லயே உங்க அக்கா கையில மட்டும்தான் இருக்குது” என்றார் மாமா.

என் கண்ணாடி வளையல்கள் அன்றோடு எனக்குப் பிடிக்காமல் போயின.

“ஒரு நாள் போட்டுக்கினு குடுத்துடறேங்கா” என்று கெஞ்சினேன்.

“உன் கைக்குப் பெருசுடி. கழண்டு விழுந்துடும்.”

சீக்கிரம் பற்றிக்கொள்ளும் சாமான் என்பதால் சமைக்கும்போது மட்டும் கழற்றி மாடத்தில் வைப்பாள். நான் தொட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல் “வையிடி” என்பாள். எனக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் மாமாவுக்குச் சோறு கொடுக்க நானும் அக்காவும் ஸ்டேஷனுக்குப் போனோம். அந்த நாட்களில் எனக்கு யாரைக் கண்டாலும் முதலில் கைதான் கண்ணில் படும். வாசலில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, விற்றுக்கொண்டிருந்தவளின் கையிலும் அதே ரோஜா நிறம், அதே வெள்ளைக் கொடி. இவளுக்குக்கூட இருக்கிறது, எனக்குத்தான் இல்லை.

“அக்கா, அவங்க கையிலயும் உன் வளையலு” என்றேன்.

அந்தப் பெண் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். சட்டென்று முந்தானையால் கையை மூடிக்கொண்டாள். அக்கா தூக்கை என்னிடம் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு வெயிலிலேயே நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்படிக்குப் போனாள். இரண்டு வளையல்களையும் கழற்றித் தணலில் போட்டாள். குப்பென்று தீ எழுந்து வீடெல்லாம் கற்பூர வாசனை. நான் தேம்பித் தேம்பி அழுதேன். எரிப்பதற்குப் பதில் எனக்குக் கொடுத்திருக்கலாமே. கடைசிவரை கொடுக்க மனம் வரவில்லை பார் என்று ஊருக்குத் திரும்பும்வரை அவளோடு நான் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அத்தனையும் சொல்லிப் புலம்பினேன். முறத்தில் கேப்பை புடைத்தபடி பாதிச் சிரிப்போடு கேட்டுக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

“அவ இன்னாத்துக்குடி கையை மூடுனா?”

“தெரியலம்மா. அக்காவைப் பார்த்ததும் மூடிக்கினா.”

மறுநாள் விடிந்ததும் அம்மா நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, அப்பாவையும் அழைத்துக்கொண்டு விழுப்புரத்துக்கு ரயில் ஏறினாள். அவள் முகத்தில் அவ்வளவு கோபத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்காக இத்தனை கோபப்படுகிறாளே என்று பூரித்துப்போனேன். மாமாவிடம் சண்டை போட்டு எனக்கு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டுதான் திரும்புவாள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிவைத்தேன்.

இரண்டு பேரும் அக்காவை அழைத்துக்கொண்டு வந்தார்கள். அவள் டிரங்குப் பெட்டியும் கூடவே வந்தது. நான் ஓடிப்போய் முதலில் அம்மாவின் கையைப் பிரித்துப் பார்த்தேன்.