டீச்சருக்காகப் போட்ட தரை

அப்பா லொறி டிரைவராக இருந்து படகோட்டியானவர். விரும்பி ஆனதல்ல. எங்கள் கொக்கோத் தோட்டத்துக்கும் மாத்தளையிலிருந்து தம்புள்ள போகும் பஸ் ரோட்டுக்கும் நடுவில் ஒரு குளத்தைக் கட்டினார்கள். அணையை மூடிய பிறகு பெய்த முதல் மழைக்கே தோட்டத்து ரோடு தண்ணீருக்குள் போய்விட்டது. சுற்றுவழியில் போனால் பஸ்ஸைப் பிடிக்க ஏழு மைல் நடக்க வேண்டும். குளம் கட்டியவர்கள் விட்டுப்போன சின்ன அலுமினியப் படகு ஒன்றைத் தோட்டத்துரை வாங்கி, நீதானே டிரைவர் என்று அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டார்.

அப்பா அதையும் லொறியாகவே நடத்தினார். முன்னால் எலுமிச்சங்காயும் மிளகாயும் கட்டினார். காலையில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் துடுப்பை எடுப்பார். நீர்க்காகத்தைத் தவிர எதிரே யாருமே வராத அந்தக் குளத்தில், ஒரு திருப்பம் வந்தால் வாயாலேயே ஹோர்ன் அடிப்பார். எங்களுக்கு அது விசித்திரமாகவே படவில்லை. எங்கள் தோட்டத்தில் அதற்கு முன் படகைப் பார்த்தவர் யார்?

படகில் ஒரு குறை இருந்தது. அதற்குத் தரை கிடையாது. அடியில் குறுக்குக் குறுக்காகச் சட்டங்கள் ஓடின. அவற்றின் நடுவே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சட்டத்தில் கால் வைத்தால் வழுக்கும், இடையில் வைத்தால் நனையும். வெறுங்காலோடு ஏறும் எங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. டீச்சருக்குத்தான் பெரும்பாடு.

டீச்சர் அலுவிகாரையிலிருந்து பஸ்ஸில் வந்து, அக்கரையில் இறங்கி, எங்கள் படகில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வருவார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். கஞ்சி போட்ட சேலையும் காலில் கறுப்புச் சப்பாத்துமாக வரும் அவரைப் பார்க்கவே நாங்கள் கரையில் கூடுவோம். வந்த மூன்றாம் வாரம், அவருடைய கால் இரண்டு சட்டங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். சேலை முழங்கால்வரை நனைந்தது. பெயர் கூப்பிடும் வரவு இடாப்பு தண்ணீரில் விழுந்து, எங்கள் பெயர்களெல்லாம் நீலமாகக் கரைந்து போயின.

கரையில் இறங்கிச் சேலையைப் பிழிந்துகொண்டே அவர் சொன்னார்: "அண்ணே, இன்னொரு தடவ இப்படி நனைஞ்சேன்னா வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்தம் கேட்டு எழுதிப் போட்டுருவேன். அப்புறம் சொல்லலன்னு சொல்லாதீங்க."

எனக்கு அது வெறும் மிரட்டலாகப் படவில்லை. அதற்கு முன்பிருந்த வாத்தியார் போன பிறகு பள்ளிக்கூடம் ஏழு மாதம் பூட்டிக் கிடந்தது. அந்த ஏழு மாதமும் நான் பிள்ளைக்காம்பராவில்தான் இருந்தேன். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. எட்டுத் தொட்டில்கள்; ஒன்றை ஆட்டி அடக்கினால் அடுத்தது வீறிட ஆரம்பிக்கும். ஒன்பது வயதில் எனக்கு உலகத்திலேயே பிடிக்காத சத்தம் அதுதான். டீச்சர் போனால் நான் மறுபடியும் தொட்டிலாட்டத்தான் போகவேண்டும். அதை அம்மா மறைத்துப் பேசவில்லை.

அப்பா பஸ் கண்டக்டர் மூலமாக மாமாவுக்குச் சொல்லியனுப்பினார். மாமா அம்மாவின் தம்பி. மாத்தளை டவுனில், லொறிகளுக்குப் பெட்டி கட்டும் பட்டறையில் வேலை. முதலாளி முஸ்லிம் என்பதால் அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. அந்த வெள்ளிக்கிழமை, உடைத்துப் போட்ட பழைய பஸ் ஒன்றின் தரையிலிருந்து கழற்றிய வரிவரியான அலுமினியத் தகடுகளைத் தலையில் சுமந்துகொண்டு மாமா வந்து சேர்ந்தார்.

படகைக் கரையிலேற்றி இரண்டு கல்லின்மேல் வைத்தார்கள். அன்று நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அங்கேயே நின்றுவிட்டேன். தகட்டை அளந்து, இருக்கைகளுக்கு இடையில் பொருந்துகிற மாதிரி மூன்று துண்டாக வெட்டி, அரத்தால் விளிம்பு ராவி, அழகாகப் பரப்பினார் மாமா. பிறகு கையால் சுற்றும் ட்ரில்லை எடுத்துத் தகட்டோடு சேர்த்துப் படகின் அடியையும் துளைத்தார். லொறிப் பெட்டிக்கு அப்படித்தானே போல்ட் போடுவார்கள்? அப்பா பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் ஓரமா போடு, அப்பதான் ஆடாது" என்று யோசனை வேறு சொன்னார். படகின் அடியில் புல்லின்மேல் வட்டமாக ஒரு சின்ன வெளிச்சம் விழுந்தது.

தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா குனிந்து பார்த்தார். "ஏன் தம்பி, இந்த ஓட்டையால தண்ணி வராதா?"

இரண்டு ஆம்பிளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "லொறிக்கு அடியில ரோடுதானே இருக்கு" என்றார் அப்பா, மிகவும் சின்னக் குரலில்.

அந்த ஓட்டையை ரிவெட் அடித்து அடைக்கவே காலைப்பொழுது போய்விட்டது. அதன் பிறகுதான் மாமாவுக்கு மூளை வேலை செய்தது. படகின் அடியைத் தொடாமல், சட்டங்களின் பக்கவாட்டில் சின்னச் சின்ன வளைவுத் துண்டுகளைப் பொருத்தி, அவற்றில் போல்ட்டுகளை மேல்நோக்கி நிறுத்தினார். தகட்டின் துளைகளை அந்தப் போல்ட்டுகளில் இறக்கி, மேலே நட்டைத் திருகினால் தரை தயார். சத்தம் வராமலிருக்கத் தகட்டுக்கு அடியில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்தார். நட்டுகள் இரண்டு காது வைத்தவை; ஸ்பேனர் வேண்டாம், விரலாலேயே திருகலாம். தரைக்குக் கீழே சேரும் தண்ணீரை இறைக்க வாரம் ஒருமுறையாவது கழற்ற வேண்டுமே, அதற்காக. "மருமகளே, ஒன்னாலயே கழட்டலாம் பாரு" என்று எனக்குக் காட்டிக் கொடுத்தார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த டீச்சர் தயங்கித் தயங்கிக் காலை வைத்தார். ஓரடி எடுத்து வைத்தார். சப்பாத்தைத் தட்டிப் பார்த்தார். "பஸ்ஸுல ஏறின மாதிரியே இருக்கு. யார் செஞ்சது?" என்று சிரித்தார்.

செய்தவர் கையிலிருந்த அரத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். அப்பாதான் மச்சானைக் காட்டினார். எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. அன்று ராத்திரி கனவில் தொட்டில் சத்தம் இல்லாமல் தூங்கினேன்.

ஆனால் அடுத்த வியாழக்கிழமையே தரை கடகடவென்று ஆடியது. ஒரு நட்டு கழன்றிருந்தது. "எனக்குப் பயமா இருக்குண்ணே, செஞ்சவரையே வந்து பார்க்கச் சொல்லுங்க" என்றார் டீச்சர். நானே இறுக்கித் தருகிறேன் என்று அப்பா சொன்னதை அவர் ஏற்கவில்லை. மாமா வெள்ளிக்கிழமை வந்து இறுக்கினார். அதற்கடுத்த வாரமும் அதே கதை. இப்படியே ஐந்து வெள்ளிக்கிழமை. மாமா மட்டும் கொஞ்சமும் அலுத்துக்கொள்ளாமல், தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். எண்ணெயும் அழுக்குமான வேலைக்கு எதற்கு இந்தச் சட்டை என்று அம்மா கேட்டபோது அவர் காலரைச் சரிசெய்துகொண்டார்.

ஆறாவது வாரம் நான் கண்டுபிடித்துவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் அக்கரைவரை படகில் போய்த் திரும்புவது எனக்கு வழக்கம். அப்பா முதுகைக் காட்டித் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் பென்சிலைக் கீழே விட்டார். குனிந்தார். பென்சில் ஒரு பக்கம் கிடக்க, அவர் விரல்கள் இன்னொரு பக்கம் போய் நட்டை மெதுவாகத் திருகிக் கழற்றின. நிமிர்ந்தபோது முகம் ஒன்றுமே நடக்காதது மாதிரி இருந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். தரை சரியில்லை என்று காரணம் காட்டி மாற்றம் வாங்கப் பார்க்கிறார்! பஸ் மாதிரி இருக்கு என்று சிரித்ததெல்லாம் நடிப்பு! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டீச்சரைப் பற்றிக் கோள் சொல்வது பாவம் என்பதால் அப்பாவிடம் சொல்லவில்லை. மாமா வந்து இறுக்கிவிட்டுப் போன மறுநாள் சனிக்கிழமை, சுத்தியலோடு தனியே கரைக்குப் போனேன். நட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டுகளின் நுனியை ஒவ்வொன்றாக அடித்து நசுக்கினேன். இனி அந்த நட்டை யமனே வந்தாலும் கழற்ற முடியாது.

தரை ஆடுவது நின்றது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். நடு வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தரைக்குக் கீழே தண்ணீர் சேர்ந்தது. கழற்றி இறைக்கப் போன அப்பாவுக்கு விரல்நகம் பிய்ந்ததுதான் மிச்சம். அந்தத் தண்ணீருக்குள் எப்படியோ ஒரு மீனும் போய்ச் செத்து வைத்தது. வியாழக்கிழமை டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் படகேறினார். நான் பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கரையிலேயே நின்றேன்; மாமா வந்து போல்ட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குத் தாங்கவில்லை.

"நான்தான் மாமா அடிச்சேன். டீச்சர்தான் வாராவாரம் நட்டைக் கழட்டுறாங்க. என் கண்ணால பார்த்தேன். மாத்தலாகிப் போகப் பார்க்குறாங்க."

மாமா அப்படியே படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "என்ன சொன்ன? இன்னொருக்கா சொல்லு." சொன்னேன். மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னார். மனுசனுக்குக் காது கேட்கவில்லையா என்று எனக்குக் கோபமே வந்தது.

இரும்பறுக்கும் வாளால் போல்ட்டுகளை அறுத்து முடிக்கப் பின்னேரமாகிவிட்டது. புதிய போல்ட் போட்டபோது, விரலால் திருகமுடியாத நட்டாகப் போடுங்கள் என்று கெஞ்சினேன். மாமா விசிலடித்துக்கொண்டே பழைய மாதிரியே காது வைத்த நட்டைத்தான் போட்டார். டீச்சர் வந்து நின்றதும், "இது இனிமே தானா கழலாதுங்க டீச்சர்" என்றார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "கழண்டா நீங்கதானே வந்து பார்க்கணும்" என்று குடையை விரித்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

அடுத்த தைமாதம் இருவருக்கும் மாத்தளையில் கல்யாணம் நடந்தது. அம்மா வாங்கித் தந்த புதுப் பாவாடையைப் போட்டுக்கொண்டு, பூத்தட்டோடு ஓடி ஓடி நான் பார்த்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னேன்: "டீச்சர் இனி எங்க மாமி. இனிமே எங்கள விட்டுட்டுப் போகவே முடியாது." கேட்டவர்கள் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. மணவறையிலிருந்தே கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார்.

லீவு முடிந்து அவர் வரவேண்டிய திங்கட்கிழமை, நான் விடியவே போய்ப் படகின் தரையைத் துடைத்தேன். அப்பாவோடு அக்கரைக்குப் போனேன். பஸ் வந்து நின்றது. நரைத்த மீசையோடு ஒருவர் இறங்கி, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு இதுதானே வழி, நான்தான் புது வாத்தியார் என்றார். எங்களுக்கு டீச்சர் இருக்காங்க என்று நான் பட்டென்று சொன்னேன். அப்பா அவருடைய பையை வாங்கிப் படகில் வைத்தார். கல்யாணம் கட்டிய டீச்சர் புருசன் இருக்கிற டவுனுக்கே மாற்றம் கேட்டு எழுதியிருப்பார் என்று வளர்ந்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. டீச்சர் பஸ்ஸைத்தான் தவறவிட்டிருப்பார் என்று சொல்லி, அடுத்த பஸ் வரும்வரை வரமாட்டேன் என்று ரோட்டோரத்திலேயே நின்றேன்.