கட்டியும் மூன்று போர்டுகளும்

தொடை இடுக்கில் வந்த கட்டியை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் இரண்டு மாதம் நொண்டினேன். முதலில் பட்டாணி அளவு இருந்தது, பிறகு நெல்லிக்காய் ஆனது. தொட்டால் உயிர் போகும். தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடையில் வேலை, நாள் முழுக்க நிற்க வேண்டும். செஞ்சியில் பாதிப் பேருடைய ஆதார் அட்டை என் கை வழியாகப் போயிருக்கும். எனக்கு முப்பத்தொன்பது வயது, கல்யாணமாகவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். கட்டி இருக்கிற இடம் மட்டும் தெரிந்தால் போதும், மீதிக் கதையை அவர்களே எழுதிக்கொள்வார்கள்.

டாக்டர்களுக்கா பஞ்சம்? கடைத்தெருவில் மூன்று போர்டுகள். தோல் டாக்டரின் போர்டில் 'தோல் மற்றும் பால்வினை நோய்கள்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதற்கு நேர் கீழே, தெருவிலேயே, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். பஸ்ஸில் போகிறவன்கூட போர்டைப் படித்துவிட்டு, கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் போவான். லேடி டாக்டர் வாசல் இன்னும் மோசம். கல்யாணமாகாதவள் அங்கே எதற்குப் போவாள் என்று ஊருக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும். மூன்றாவது சர்ஜன். வாரம் ஒருமுறை எங்கள் கடைக்கு வந்து, "நல்லாருக்கியாம்மா" என்று கேட்டபடி தாள்களை நீட்டுகிறவர். அவர் முன்னால் எப்படிப் புடவையைத் தூக்குவது? அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்றால், அங்கே சீட்டு எழுதுகிறவள் என்னோடு படித்தவள்.

மெடிக்கலில், பக்கத்து வீட்டுக்காரிக்கு என்று பொய் சொல்லி மாத்திரை வாங்கினேன். இரண்டு நாள் வலி அடங்கும். மூன்றாம் நாள் முன்னைவிட மோசமாகத் தெறிக்கும்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அம்மா நினைவு வந்தால்தான் ராத்தூக்கம் போனது. அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தபோது, அமாவாசைதோறும் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய் உப்பும் மிளகும் கொட்டினாள். உப்பு கரைகிற மாதிரி கட்டியும் கரைந்துவிடும் என்று நம்பினாள். ஒரு வழியாக நான் டாக்டரிடம் அழைத்துப்போனபோது, எவ்வளவு நாளாக இருக்கிறது என்று அவர் கேட்டார். "ஒரு மாசமாத்தான் சார்," என்றாள். ஒரு வருஷம் ஆகியிருந்தது, எனக்குத் தெரியும். அம்மா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். சரி, கொஞ்ச நாள் மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாம் என்றார் அவர். அடுத்த ஆடிக்கு அம்மா இல்லை.

உப்பு கொட்டியதற்காக அம்மாவை எத்தனை திட்டு திட்டியிருப்பேன். அப்படிப்பட்ட நானே தை அமாவாசையன்று கைப்பையில் உப்பு, மிளகுப் பொட்டலத்தோடு காலையிலேயே ஸ்பெஷல் பஸ் ஏறினேன். துணைக்கு வந்த அண்ணி, என் அண்ணன் மனைவி, என்ன வேண்டுதல் என்று கேட்கவில்லை. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு, அம்மாவுக்கு வந்தது மட்டும் எனக்கு வேண்டாம் தாயே என்று அழுதேன். திரும்பும்போது பஸ்ஸில் யாருடைய தேங்காய்ப் பையோ தொடையில் இடித்தது. வாய்விட்டு அலறிவிட்டேன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அண்ணி என்னைக் கழிப்பறைக்குள் தள்ளித் தாழ் போட்டாள். காட்டு என்றாள். பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. கையைப் பிடித்து நேராகத் தோல் டாக்டர் வாசலுக்கு நடத்தினாள். நான் போர்டைக் காட்டி, செத்தாலும் இதற்குக் கீழே உட்கார மாட்டேன் என்றேன்.

"நான் உக்காருறேன். யாராச்சும் இன்னான்னு கேட்டா எனக்குத்தான் நோவுன்னு சொல்லு," என்று முதல் நாற்காலியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். கடைக்கு வாடிக்கையாக வருகிற இரண்டு பேர் மெதுவாக நடந்து, நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணி அவர்களைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் சுவரோரம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே டாக்டர் பேனாவைத் திறந்து, எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டார்.

"பத்து நாளாத்தான் டாக்டர்."

நினைத்துச் சொன்ன பொய் இல்லை, அதுவாகவே வந்துவிட்டது. உடனே திரும்பி அண்ணியைப் பார்த்தேன். அம்மா அன்றைக்கு என்னைப் பார்த்த அதே பார்வையாகத்தான் இருந்திருக்கும்.

அண்ணி என் பக்கமே திரும்பவில்லை. "பொய் சொல்றா டாக்டர். ரெண்டு மாசமா நொண்டறா. எங்க மாமியாரும் இப்டித்தான் மறச்சி மறச்சி போய்ட்டாங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். நிதானமாக அழுத்திப் பார்த்தார். சீழ் கோத்த கட்டிதான், நீங்கள் பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை, ஆனால் இன்றைக்கே கீறி எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் சர்க்கரை பார்த்துவிட வேண்டும் என்று சொல்லி, அதே சர்ஜனுக்குச் சீட்டு எழுதினார்.

நான் தேம்பித் தேம்பி அழுதேன். பயம் விலகிய அழுகை என்று நினைத்து டாக்டர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அன்றைக்கு அம்மா பக்கத்தில் எனக்குப் பதிலாக அண்ணி நின்றிருக்கக் கூடாதா என்றுதான் நான் அழுதேன்.