கதிரவேலு ஐயாவின் பிரேக்

இன்று காலை ஒரு புதுக் காரைக் கராஜுக்குள் பின்பக்கமாக எடுத்துக்கொண்டிருந்தேன். தூணுக்கு இன்னும் நாலடி இருக்கிறது. எனக்குத் தெரியாதா, நான் கட்டுவித்த தூண். ஆனால் அந்தக் கார் என்னை நம்பவில்லை. கீச்கீச்சென்று கத்தி, நான் காலை வைக்குமுன்னே தானாகப் பிரேக்கைப் பிடித்துக் குலுங்கி நின்றது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "நான் பிடிக்கமாட்டனோ? உனக்கென்ன அவசரம்?" என்று காரைப் பார்த்து வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு அந்த நேரத்தில் கதிரவேலு ஐயாவின் ஞாபகம் வந்துவிட்டது.

உங்களுக்கு அவரைத் தெரிய நியாயமில்லை. உடுப்பிட்டிக்காரர். முப்பது வருடம் பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். நான் மருதனார்மடத்தில் தனியாகக் கராஜ் தொடங்கிய காலத்தில் அவரிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருந்தது. பிள்ளைகள் மூன்று பேரும் வெளிநாடு. மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்து ஒருவாறு தேறியிருந்தது. பஸ்ஸில் ஏற முடியாது. கிளினிக்குக்கும் சனிக்கிழமை ஆஞ்சநேயர் கோயிலுக்கும் அந்தக் கார்தான். கார் இல்லையென்றால் அந்த அம்மா படலைக்கு வெளியே வரமாட்டார்.

அப்படியொரு சனிக்கிழமைதான் அது நடந்தது. கோயிலடியில் சனக்கூட்டம். ஐயா ஊர்ந்து ஊர்ந்து வந்து காரை நிறுத்தப் போயிருக்கிறார். கார் நிற்கவில்லை. இரண்டடி முன்னால் போய் மாலைக்கடை மேசையைச் சாய்த்துவிட்டது. நல்லகாலம், ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வெற்றிலை மாலை, துளசி மாலை எல்லாம் காரின் முன் பொனற்றில் விழுந்து, கார் கலியாண வீட்டுக்குப் புறப்பட்ட மாதிரி நின்றதாம். யாரோ ஒரு புண்ணியவான் அதைப் போனில் பிடித்து முகநூலில் போட்டுவிட்டான். ஐயா மாலைக்கடைக்கார அம்மாவைச் சமாதானப்படுத்தி முடிக்குமுன் கனடாவில் மூத்த மகன் பார்த்தாயிற்று. அன்று பின்னேரமே மூன்று நாட்டிலிருந்தும் பிள்ளைகள் வீடியோவில் கூடி, அப்பா இனிக் கார் ஓடக்கூடாது என்று தீர்மானித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை ஐயா காரைக் கொண்டுவந்தார். முன் கிரில்லுக்குள் இன்னும் இரண்டு வெற்றிலை செருகிக் கிடந்தது. பம்பருக்குள் கையை விட்டேன், ஒரு வடை வந்தது. யாரோ நேர்ந்த வடைமாலையில் உதிர்ந்தது போல. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, நான் பிரேக்கிலை காலை வச்சனான். வச்ச கால் வச்சபடி. கார்தான் நிக்கேல்லை. உவங்கள் பிள்ளையள் சொல்லுறாங்கள், என்ரை கால் நடுங்குதாம். முப்பது வருசம் பஸ் ஓடினவனுக்குப் பிரேக் எது, அக்சிலேற்றர் எது எண்டு தெரியாதோ?"

அவர் தேத்தண்ணி குடிக்கப் போன இடைவெளியில் என் போன் அடித்தது. மூத்த மகன், கனடாவிலிருந்து.

"அண்ணை, ஒரு உதவி. கார் இனித் திருத்தேலாது, சாமான் எடுக்கேலாது எண்டு அப்பாட்டைச் சொல்லிவிடுங்கோ. நீங்கள் சொன்னால் கேப்பார். நாங்கள் சொன்னால் போனை வச்சிடுவார்."

மகனில் பிழை சொல்ல மாட்டேன். பயந்திருந்தான், பாவம். "ஓம், பாப்பம்" என்று இழுத்தேன். அந்த 'ஓம்' இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

அப்போது என்னிடம், காரில் செருகினால் பிழையைச் சொல்கிற ஸ்கானர் பெட்டியொன்று புதிதாக வந்திருந்தது. கொழும்பிலிருந்து எடுப்பித்தது. கலியாணம் கட்டிய புதிதில் மனைவியைக்கூட நான் அத்தனை தடவை பார்த்திருக்க மாட்டேன். ஏ.பி.எஸ் என்று டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு இருக்கிறதல்லவா, வழுக்கும்போது சக்கரம் இறுகிப் பிடிக்காமல் பார்க்கிற ஏற்பாட்டின் விளக்கு? அந்த நாளில் எங்கள் பக்கத்தில் அது எரிந்தால் ஒரே வைத்தியம்தான்: மேலே ஒரு துண்டு கறுப்பு ஒட்டு ரேப். விளக்கு தெரியாது, வருத்தமும் இல்லை. நானும் ஒட்டியிருக்கிறேன், மறைப்பானேன்? ஸ்கானர் வந்த பிறகு அந்தப் பாவமெல்லாம் தீர்ந்தது என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். ஐயாவின் காரில் விளக்கு எரியவில்லை. ரேப்பும் இல்லை. ஸ்கானரைச் செருகினேன், ஒரு பிழையும் இல்லை என்றது.

"காரிலை பிழை இல்லை ஐயா," என்றேன்.

அந்த மனிதரின் முகம் விழுந்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பிறகு, "அப்ப அந்தக் குறுகுறுப்பு?" என்றார்.

"என்ன குறுகுறுப்பு?"

"கார் நிக்கிறதுக்கு முந்தின அந்தக் கடைசி ஒரு முழம். அப்ப பெடல் உள்ளங்காலிலை குறுகுறு எண்டு அடிக்கும். நான் சொன்னால், அதுதான் கால் நடுக்கம் எண்டுறாங்கள்."

எனக்குத் தலையில் குட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. காரை ஓடிப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன மடையன் நான். சாவியை வாங்கிக்கொண்டு கராஜுக்குப் பின்னாலுள்ள குறுகலான ஒழுங்கைக்குப் போனேன். வேகமாக ஓடிப் பிடித்தேன், கல்லுப்போல நின்றது. நடக்கிற வேகத்தில் வந்து மெல்லப் பிடித்தேன். பெடல் குறுகுறுவென்று காலைத் திருப்பி அடித்தது. கார் நிற்காமல் வழுகிப் போய் என்னுடைய சொந்த எண்ணெய்ப் பீப்பாயை முட்டியது. வாழ்க்கையில் ஒரு காரை இடித்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

"ஐயா! உங்கடை கால் நடுங்கேல்லை. கார்தான் நடுங்குது!" என்று அங்கிருந்தே கத்தினேன்.

பிறகு எனக்குக் கை நிற்கவில்லை. காரைத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துச் சென்சரின் வயரிலும் மீற்றரைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றினேன். சக்கரம் சுற்றச் சுற்ற அந்தச் சென்சர் ஒரு சின்ன மின்சாரம் தரும். அதை வைத்துத்தான் காரின் மூளை வேகத்தை எண்ணும். மூன்று சக்கரம் ஒரே அளவு. முன் இடது சக்கரம் அரைவாசிகூட இல்லை. மெல்லச் சுற்றினால் ஒன்றுமே இல்லை. கழற்றினேன். உடுப்பிட்டிக்கு வருகிற கடற்காற்று செய்த வேலை: சென்சர் இருக்கிற குழிக்குள் துருக் கறள் பொருமி, அதைச் சக்கரத்திலிருந்து ஒரு கடதாசித் தடிப்பு விலக்கி மேலே தூக்கிவிட்டிருந்தது. கார் ஊரும்போது அந்தச் சக்கரம் நின்றுவிட்டதென்று மூளை நினைக்கிறது. ஐயோ, இறுகிவிட்டதே என்று பிரேக்கை இளக்கிவிடுகிறது. தான் சரியாகத்தான் செய்தேன் என்று நினைக்கிறபடியால் விளக்கும் போடாது. கறளை எமரிப் பேப்பரால் தேய்த்து, சென்சரின் மூக்கில் ஒட்டியிருந்த இரும்புத் தூளைத் துடைத்துப் பூட்டினேன். நாலு சக்கரமும் ஒன்றாயின.

மகனை வீடியோவில் எடுத்தேன். கறளைக் காட்டினேன், மீற்றரைக் காட்டினேன், பீப்பாயையும் காட்டினேன்.

"அப்ப அப்பா சொன்னது சரியோ?"

"முழுக்கச் சரி."

"அப்பாட்டைக் குடுங்கோ அண்ணை."

போனை நீட்டினேன். ஐயா காரின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். "நான் வேலையா நிக்கிறன் எண்டு சொல்லும்," என்றார். அப்போதுதான் முதல்தடவையாகச் சிரித்தார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்த அம்மா ஒரு கிளினிக்கும் தவறவிடவில்லை. சனிக்கிழமைகளில் கராஜைக் கடக்கும்போது ஐயா ஹோர்னை இரண்டு தரம் அடிப்பார்.

பிறகு ஒருநாள் தனியாக வந்தார். இடப்பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது. "மதிலிலை முட்டிப்போட்டன். பிரேக்கைப் பாரும் தம்பி."

ஒழுங்கையில் ஓடிப் பார்த்தேன். நாலு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றினேன். எல்லாம் ஒன்று. திரும்பவும் சுற்றினேன். உண்மையைச் சொன்னால், ஒரு பிழை அகப்படாதா என்று எனக்கு ஆசையாக இருந்தது. கடைசியில், "இந்தச் சென்சரிலை கொஞ்சம் ஊத்தை ஐயா..." என்று ஆரம்பித்தேன்.

"பொய் சொல்லாதையும். அண்டைக்கு மெய் சொன்னனீர்தானே. மீற்றர் என்ன சொல்லுது?"

"நாலும் ஒண்டு ஐயா."

"அப்ப நான்தான்."

சாவியை என் கையில் வைத்தார். "மகனிட்டை நானே சொல்லுறன். நீர் சொல்லப்படாது. இப்ப என்னை வீட்டை கொண்டுபோய் விடும்."

நான் ஓட்டினேன், அவர் பக்கத்துச் சீற்றில் இருந்தார். சந்தி வந்தால், மாடு குறுக்கிட்டால், அவருடைய வலது கால் கீழே விரிப்பை அழுத்தும். அவர் அழுத்திய இடத்திலெல்லாம் நானும் பிடித்தேன். உடுப்பிட்டி வரைக்கும் அப்படியே போனோம்.

அந்த வருடமே மகன் இருவரையும் கனடாவுக்கு எடுத்துவிட்டான். காரை வாங்கியவர் கொடிகாமத்தில் அதைக் கழற்றி உதிரியாக விற்றுவிட்டார். வீட்டுப் படலையில் பூட்டுத் தொங்குகிறது. அங்கே போன பிறகு ஐயா ஒரேயொரு தரம் போன் எடுத்தார். "இஞ்சை என்னைப் பின் சீற்றிலைதான் தம்பி இருத்துறாங்கள். கார் எங்கை நிக்கப்போகுதெண்டு எனக்கு ஒண்டும் தெரியிறேல்லை," என்றார். அடுத்த மாரி மழைக்கு முன் ஐயா காலமாகிவிட்டார்.