காதில் கிளிப்போடு ஆடியவர்

அப்பாவும் நானும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, டாமினோ கட்டைகளில் புள்ளிகளை ஆழமாகக் குடைந்தது. இருபத்தெட்டுக் கட்டை, நூற்று அறுபத்தெட்டுப் புள்ளி. கடைசல் பட்டறையில் வேலை செய்கிறவள் நான். எவ்வளவு ஆழம் என்று கேட்டேன்.

"விரல் போய் உட்காரணும்."

"சாயம் போச்சுன்னா பெயின்ட் அடிச்சா போதுமேப்பா."

"துளைக்கச் சொன்னா துளை. நீ மெக்கானிக்கா, வக்கீலா?"

துளைத்தேன்.

அப்பா பெர்சியோ, சான் பெத்ரோ சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு தினமும் நாலு மணிக்கு மூலைக்கடை வாசலில் ஆட்டம். அவருக்கு ஜோடி ராதமேஸ், என் ஞானத்தகப்பன்; நான் பத்ரினோ என்று கூப்பிடுவேன். நாற்பது வருஷத்தில் இருவரும் மரியாதையாக ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

ஜோடி ஆட்டத்தில் வாய் திறக்கக் கூடாது, கூட்டாளிக்குக் குறிப்புக் கொடுத்ததாகிவிடும். திறந்தால் அபராதமாகக் காதில் துணி கிளிப். அத்தனை வருஷம் ஊமையாய் ஆடிய ராதமேஸ், போன மார்ச்சிலிருந்து மேசையில் விழுகிற ஒவ்வொரு கட்டையின் இரு முனை எண்ணையும் கூவ ஆரம்பித்தார்.

"வந்துட்டான்யா ஆறு! வாலுல மூணு! பெர்சியோ, அப்படியே உன் மூஞ்சிடா!"

"பொத்திக்கிட்டு ஆடுடா, கழுதை."

காதுகளில் இடம் தீர்ந்து மூக்குக்கும் ஒரு கிளிப் வந்தது. இது ஏதோ ரகசியக் குறி என்று எதிர் ஜோடி முடிவுகட்டியது. கடைக்காரி டுல்சே அவர் கத்துவதையெல்லாம் நோட்டில் எழுதினாள். நானும் மூன்று வாரம் அட்டவணை போட்டேன். ஒன்றும் சிக்கவில்லை. மேசையில் எல்லோரும் பார்க்கிற எண்ணைத்தான் மனிதர் கத்திக்கொண்டிருந்தார். மூளை கலங்கிவிட்டது என்று தீர்மானித்து, "ஜோடியை மாத்துங்கப்பா" என்றேன். அன்று முழுக்க அப்பா என்னோடு பேசவில்லை.

துளைத்த எட்டாம் நாள் அப்பாவுக்கு மாரடைப்பு. பேட்டைப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் பாக்கி. அடக்கம் முடிந்து ராதமேஸ் எங்கள் முற்றத்தில் வந்து உட்கார்ந்தார். காது மடல்கள் சிவந்து கன்றியிருந்தன.

"கடைசி வரைக்கும் அவரை நிம்மதியா ஆடவிடலியே, பத்ரினோ," என்றேன்.

"உங்கப்பனுக்குக் கண்ணு தெரியலடி."

"கண்ணுக்கு என்ன?"

"புரை. தெரிஞ்சா மேசையைவிட்டு எழுப்பிடுவாங்க. எழுப்பினா செத்துருவேன்டான்னான். கையில இருக்கறதை மூஞ்சிகிட்ட வச்சுப் பார்த்துக்கிட்டிருந்தான். அதுவும் முடியாமப் போச்சு, உன்னைத் துளைக்கச் சொன்னான். மேசையில கிடக்கறதைத் தடவ முடியுமா? அதான் கத்தினேன்."

"டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருக்கலாமே?"

"போனோமே. இறுதி ஆட்டம் முடிஞ்ச மறுநாள் ஆபரேஷன். வரலைன்னா மேசையில நானே போட்டு உடைப்பேன்னு மிரட்டி வச்சிருந்தேன். சீட்டு நீலச் சட்டைப் பையில கிடக்கும்."

"எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன். உங்களைத் திருடன்னு பேசறாங்க."

"சொன்னே, கிளிப்பை உன் நாக்குல மாட்டுவேன். நான் வாயாடியாவே இருந்துட்டுப் போறேன். அவன் கண்ணு தெரிஞ்ச ஆட்டக்காரன். அவ்வளவுதான்."

இதை எழுதியதற்கு என் நாக்கில் கிளிப் விழும். விழட்டும்.

சீட்டு இருந்தது. திங்கள், காலை எட்டு மணி, வலது கண், வெறும் வயிற்றில் வரவும். பின்பக்கம் அப்பாவின் கையெழுத்து, கோணல்மாணலாக, ஒவ்வோர் எழுத்தும் கட்டை அளவுக்கு:

‘துணி கிளிப், ஒரு டஜன் வாங்க வேண்டும். இறுக்கம் குறைந்ததாக. அந்தக் கழுதைக்குக் காது புண்ணாகிவிட்டது.’