அம்பரீன் திருத்திய இருபத்திரண்டு தாள்கள்

அம்பரீனைப் பற்றி நல்லவிதமாக மட்டும் எழுதினால் அவளே கோபித்துக்கொள்வாள். அதனால் முதலில் குறைகள். பிடிவாதக்காரி. ஒருநாளும் ரயிலுக்கு நேரத்தில் வந்ததில்லை. யாராவது புதுச் செருப்பு போட்டு வந்தால் முகத்தைப் பார்க்குமுன் காலைப் பார்ப்பாள். தையல் கோணல் என்றால் சொல்லாமல் விடமாட்டாள்.

அவள் அப்பா ஹயாத் பாஷா ஆம்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் தோல் தரம் பிரிப்பவர். பதனிட்ட தோலை மேசையில் விரித்து, கையால் தடவி, முள் கீறியது, பூச்சி கடித்தது, உரிக்கும்போது கத்தி பட்டது என்று குறை உள்ள இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவார். நல்ல இடத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது. வீட்டிலும் அதே சட்டம்தான். பிரியாணியில் உப்பு சரியாக இருந்தால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். முதல்முறை அங்கே சாப்பிட்டபோது நான், "ரொம்ப நல்லாயிருக்கு ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டேன். அவள் அம்மா ஜஹீருன்னிசா பயந்துபோய், "ஏம்மா பூரணி, இன்னா ஆச்சு?" என்று கேட்டார்.

நான் குடியாத்தத்துக்காரி, லுங்கி நெய்கிற குடும்பம். நாங்கள் இருவரும் வேலூரில் ஒன்றாகப் படித்து, அங்கேயே ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தோம். அவள் திருத்திய தாள் முழுக்கச் சிவப்பாக இருக்கும். பிள்ளைகள் அதற்கும் பழகிவிட்டார்கள். "மேடம், இந்தத் தபா எனக்கு ரெட் இங்க் கம்மி" என்று குதிப்பார்கள்.

சென்ற செப்டம்பரில் இங்கிலாந்தில் தோல் பற்றி ஆராய்ச்சி செய்யப் போனாள். வாரத்தில் இரண்டு நாள் முதலாண்டு மாணவர்களுக்கு ஆய்வக வகுப்பு எடுக்க வேண்டும், உதவித்தொகை அதற்குத்தான். மாணவர்கள் சொல்வதையும் கேட்டு, அவளை அடுத்த ஆண்டும் வைத்துக்கொள்வதா என்று துறை ஜூனில் முடிவெடுக்கும். வேண்டாம் என்றால் படிப்பும் போச்சு, விசாவும் போச்சு.

குளிரும் மழையும் அவளை ஒன்றும் செய்யவில்லை. முதல் கட்டு ஆய்வறிக்கைகள்தான் வேலையைக் காட்டின. இருபத்திரண்டு தாள். வழக்கம்போல் குறைகளை மட்டும் சிவப்பில் எழுதிக் கொடுத்தாள். அடுத்த வகுப்புக்கு மூன்று பேர் வரவில்லை. ஒரு பெண் கழிப்பறையில் நின்று அழுதாளாம். துறைத் தலைவி அம்பரீனைக் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, ஒவ்வொரு தாளிலும் நல்லதாக ஏதாவது ஒன்று எழுதச் சொன்னார்.

அன்று எனக்குப் போன் வந்தது.

"சரியா இருக்குறதுக்கு இன்னாத்துக்குடி பேனா?"

"எழுதித் தொலையேன். உன் சொத்தையா கேக்குறாங்க?"

"பொய் எழுதச் சொல்றாங்க. பேஜாரா இருக்கு பூரணி."

எழுதினாள். ஒருத்தனுக்கு, 'தலைப்பைச் சரியாக நடுவில் போட்டிருக்கிறாய்.' இன்னொருத்தனுக்கு, 'தாள் கசங்கவில்லை.' கேலி செய்கிறாள் என்று அவன் புகாரே கொடுத்துவிட்டான். பாவி, அவள் மனசாரத்தான் எழுதியிருந்தாள்!

இதற்கு நடுவில் அவளுடைய பேராசிரியர், அவள் எழுதிய முதல் அத்தியாயத்தில் மூன்று இடத்தில் 'அற்புதம்' என்று குறித்துத் திருப்பி அனுப்பினார். அம்பரீன் இடிந்துபோனாள். "ஆளு படிக்கவே இல்லடி" என்று பொருமினாள். சும்மா இருந்தாளா? தன் அத்தியாயத்தைத் தானே திருத்தி, நாற்பத்தேழு குறைகளைக் கண்டுபிடித்து, 'தங்கள் கண்ணில் படாமல் போனவை' என்று அவருக்கே அனுப்பிவைத்தாள். கேட்டதும் நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

டிசம்பர் விடுமுறையில், அழுத பெண்ணிடமிருந்து திரும்ப வாங்கி வைத்திருந்த தாளை மறுபடி எடுத்துப் பார்த்தாள். மூன்று துண்டுத் தோலைச் சோதிக்கச் சொன்ன இடத்தில் அந்தப் பெண் ஒன்பது துண்டுகளைச் சோதித்திருந்தாள். முதல் தடவை அதற்கு அரை மதிப்பெண்ணைக் குறைத்திருந்தாள் அம்பரீன், சொன்னதைச் செய்யவில்லை என்று. இப்போது, 'ஒன்பது தடவை செய்யும் பொறுமை எனக்கே இருந்திருக்காது' என்று எழுதி, அரை மதிப்பெண்ணையும் திருப்பிப் போட்டாள். தாளை வாங்கிய பெண் அதை இரண்டு முறை படித்துவிட்டு, மறு வாரத்திலிருந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

அதன்பிறகு நல்லதும் அவள் கண்ணில் பட ஆரம்பித்தது. பேராசிரியர் பாராட்டினால் சந்தேகப்படுவதையும் விட்டாள். ஏப்ரலில் ஒருநாள், "நான் நல்லாத்தான் எழுதுறேன் போலடி" என்றாள். பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் அவள் தன்னைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஜூனில் கடிதம் வந்தது. என்னை வீடியோவில் கூப்பிட்டுத்தான் திறந்தாள். நான் ஆசிரியர் அறையில் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

"'உங்கள் உழைப்பு எங்கள் துறைக்குப் பெருமை.' கேட்டியா? 'மாணவர்களுக்கு உங்களை மிகவும் பிடித்திருக்கிறது.' எப்பா! 'உங்கள் அறிவும் அக்கறையும்...'"

சிரித்துக்கொண்டே மூன்று பத்தி படித்தாள். நாலாவதில் நின்றுவிட்டாள்.

"இன்னாடி?"

"அடுத்த வருஷம் வேணாமாம்."

மேலும் கீழும் தேடினாள். அவள் கண் ஓடுவதைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஏன்னு போடல, பூரணி. ஒரு வரி கூட போடல."

அதற்குத்தான் அழுதாள். இத்தனை இனிப்பாக எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு காரணம் எழுத வராதா?

மறுநாள் துறைக்கு ஒரே ஒரு வாக்கியம் அனுப்பினாள்: 'என் குறைகளை எழுதி அனுப்ப முடியுமா?' இரண்டு நாளில் பதில் வந்தது.

சென்னை விமான நிலையத்திலிருந்து அவளை அழைத்துவர நான்தான் போனேன். வந்ததும் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் போனை என்னிடம் நீட்டினாள்.

"படி. எங்க தப்பு பண்ணேன்னு உனக்காச்சும் தெரியுதா?"

'நீங்கள் எங்களோடு இருந்தது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி' என்று இருந்தது. அவ்வளவுதான். இன்னொரு தடவையும் படித்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.